நிலத்துக்காக கேஸ் போடப் போறீங்களா? முதல்ல 'யார் மேல'ன்னு பாருங்க!

நெய்வேலி ஆர்ச் கேட் தாண்டி நகரியத்துக்குள் நுழைந்தால் ஊரே வேறு மாதிரி இருக்கும். நேர்கோட்டுச் சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், பெயருக்குப் பதில் எண் போட்ட வட்டங்கள். இங்கே வளர்ந்து இப்போது சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பலருக்கு 'நம்ம வீடு' என்றால் என்.எல்.சி குவார்ட்டர்ஸ்தான் ஞாபகம் வரும். அப்பா ரிட்டயர் ஆனதும் சாவியைத் திருப்பிக் கொடுத்த வீடு அது.

அந்த வீடு நின்ற மண், அதற்கு முன்னால் யாரோ உழுத மண். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கருப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்குகிறது நெய்வேலியின் கதை. 1956-ல் நிறுவனம், 1957-ல் முதல் சுரங்க வேலை. அன்றிலிருந்து சுரங்கம் நகர நகர, நிலமும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிர் மேல் இயந்திரங்கள் இறங்கிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். '2006-லிருந்து 2013-க்குள் கையகப்படுத்திய நிலம் அது' என்றது நிர்வாகம். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொல்லி உத்தரவு வந்தது.

அந்த நாட்களில் டீக்கடையில் தொடங்கி வாட்ஸ்அப் குரூப் வரை எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: 'என்.எல்.சி மேல கேஸ் போடுங்க.' கோபம் புரிகிறது. ஆனால் ஒரு நில வழக்கில் கோபம் யார் மேல் இருக்கிறதோ அவரே சரியான பிரதிவாதியாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிராதின் முதல் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போனது என்பதிலேயே பல வழக்குகள் முடிந்துவிடுகின்றன. பத்து வருஷம் கழித்துத்தான் அது தெரியவரும்.

என்.எல்.சி வேற, கவர்மென்ட் வேற

ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். தாத்தா பெயரில் 2 ஏக்கர். நில எடுப்பு நோட்டீஸ் வருகிறது. அதில் கையெழுத்து தனி தாசில்தாருடையது. நிலம் போவது சுரங்கத்துக்கு. பணம் கொடுக்கப்போவது நிறுவனம். நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு மத்திய அரசிடம். இப்போது வழக்கு யார் மேல்? தாசில்தாரா, கலெக்டரா, தமிழ்நாடு அரசா, என்.எல்.சி-யா, டெல்லியா?

முதல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அரசு முதலாளியாக இருந்தாலும் அரசு நிறுவனம் தனி ஆள்தான். வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் 1982-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: மொத்தப் பங்கும் அரசிடமே இருந்தாலும், நிறுவனத்தின் சொத்து நிறுவனத்தின் சொத்துதான், ஒன்றிய அரசின் சொத்து ஆகாது. ஆக, மத்திய அரசைச் சேர்த்தால் நிறுவனத்தையும் சேர்த்தது போலத்தான் என்ற கணக்கு செல்லாது. அது தலைகீழாகவும் செல்லாது.

அடுத்தது அரசு. 'கலெக்டர் மேல கேஸ்' என்று பேச்சில் சொல்வோம். ஆனால் அரசுக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்பதுதான் சண்டை என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 79-வது பிரிவுப்படி பிரதிவாதியின் பெயர் 'தமிழ்நாடு மாநிலம்' என்று இருக்க வேண்டும். கலெக்டர் அதன் பிரதிநிதியாக வருவார், அவ்வளவுதான். இது சும்மா எழுத்து விஷயம் மாதிரி தோன்றும். 2003-ல் ஆந்திராவின் ஒரு வழக்கு இதில்தான் தடுக்கி விழுந்தது. ஒரு நிலம் பட்டாதாரர்களுடையதா, வனத்துறையுடையதா என்ற தகராறில், கலெக்டரின் உத்தரவை எதிர்த்துத் தலைமை வனப் பாதுகாவலர் தன் பதவிப் பெயரிலேயே மனு போட்டார். அரசின் சொத்துக்காக வழக்காட வேண்டியது மாநிலம், அதிகாரி அல்ல. மாநிலம் தரப்பாக இல்லாத மனு நிலைக்காது என்றது உச்ச நீதிமன்றம். அரசுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு?

அரசு மேல் சிவில் வழக்கு என்றால் இன்னொன்றும் உண்டு: 80-வது பிரிவு நோட்டீஸ் கொடுத்து 2 மாதம் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் நீதிமன்ற அனுமதியோடு முன்கூட்டியே போடலாம். அரசு நிறுவனத்துக்கு இந்த நோட்டீஸ் தேவையில்லை.

நெய்வேலி பெயரிலேயே ஒரு தீர்ப்பு

'சரியான தரப்பு யார்' என்ற கேள்வியில் இந்தியா முழுக்க வக்கீல்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்புகளில் ஒன்று நம்ம நெய்வேலியிலிருந்து போனதுதான். 1995-ம் ஆண்டு தீர்ப்புத் தொகுப்புகளில் 'நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் எதிர் தனி தாசில்தார் (நில எடுப்பு)' என்று இருக்கும். ஒரு நிமிஷம் அந்தத் தலைப்பைக் கவனியுங்கள். சுரங்கத்துக்காக நிலம் எடுத்துக்கொடுத்த தாசில்தாரை எதிர்த்து நிற்பது அந்தச் சுரங்க நிறுவனமே!

விஷயம் இதுதான். பழைய 1894 சட்டப்படி, கொடுத்த இழப்பீடு போதாது என்று நில உரிமையாளர் கேட்டால் விவகாரம் சிவில் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே ஒரு பக்கம் உரிமையாளர், மறு பக்கம் நிலத்தை எடுத்த அதிகாரி. தொகை கூடினால் கட்ட வேண்டிய நிறுவனம் அறைக்கு வெளியே நிற்கும். 'பணம் எங்களோடது, எங்களையும் கேளுங்க' என்பதுதான் நிறுவனத்தின் வாதம். உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. யாருக்காக நிலம் எடுக்கப்படுகிறதோ, யார் இழப்பீட்டைச் சுமக்கிறாரோ, அவரும் சட்டம் சொல்லும் 'அக்கறை உள்ள நபர்'தான். அவரைத் தரப்பாகச் சேர்க்கலாம், அவருக்குப் பேச உரிமை உண்டு.

பெரிய நிறுவனத்துக்குச் சாதகமான தீர்ப்புதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நிலம் கொடுத்தவர் பக்கமிருந்து பாருங்கள். நிறுவனத்தைச் சேர்க்காமல், தாசில்தாரை மட்டும் வைத்து வழக்கை நடத்தி, கூடுதல் தொகைக்குத் தீர்ப்பும் வாங்கிவிட்டீர்கள். பணம் கைக்கு வருவதற்குள் 'எங்களைக் கேட்கவே இல்லை' என்று நிறுவனம் மேலே போனால், விவகாரம் மறுபடி விசாரணைக்குத் திரும்பி வரும் ஆபத்து இருக்கிறது. எதிராளியை முதல் நாளே கூண்டுக்குள் கூப்பிட்டுக்கொள்வது நமக்குத்தான் பாதுகாப்பு.

இன்று நிலம் 2013-ம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி எடுக்கப்படுகிறதா, தமிழ்நாட்டின் 1997 தொழில்துறை நில எடுப்புச் சட்டப்படியா என்பதைப் பொறுத்து எங்கே முறையிடுவது, எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் மாறும். நோட்டீஸில் எந்தச் சட்டம் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வக்கீலிடம் போங்கள்.

தங்கச்சி கையெழுத்து எங்கே?

எதிராளி கதை இப்படி என்றால், நம் பக்கமே ஒருவர் விட்டுப்போவது இன்னும் சகஜம். ஊரில் இருக்கும் பெரியப்பா 'எல்லாருக்காகவும்' கேஸ் போட்டிருப்பார். அத்தைகளின் பெயர் அதில் இருக்காது. 'கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சே, அவங்களுக்கு என்ன?' என்ற பழைய பேச்சுதான் காரணம். இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் தனிச் சொத்தில் மகளுக்கு 1956-லிருந்தே சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989-லேயே மகள்களைச் சேர்த்தது. நாடு முழுக்க 2005-ல் வந்தது.

தலைகீழாக, அண்ணன் தம்பிகளை விட்டுவிட்டுத் தோற்ற மகளும் உண்டு. 'கனகரத்னம்மாள் எதிர் லோகநாத முதலியார்' என்று 1965 தொகுப்புகளில் இருக்கும் வழக்கு. சொத்து அம்மாவுடையது என்று மகள் சொன்னார். உச்ச நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. அதாவது முக்கியமான கேள்வியில் அவர் ஜெயித்துவிட்டார்! ஆனால் அப்போதைய மைசூர் சட்டப்படி மகன்களும் வாரிசுகள். அவர்கள் வழக்கில் இல்லை. அவசியமான தரப்பு இல்லாத வழக்கு என்று, வருத்தம் தெரிவித்தே தள்ளுபடி செய்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை ஏறிய அத்தனை வருஷமும் இரண்டு பெயர்கள் இல்லாததால் போச்சு.

எல்லா வழக்குக்கும் எல்லாரும் வேண்டும் என்பதில்லை. நிலத்தில் அத்துமீறி உட்கார்ந்தவரை வெளியேற்ற, பங்குதாரர்களில் ஒருவர் போட்டாலே போதும். பாகப்பிரிவினை என்றால் மட்டும் ஒருவர்கூட விடுபடக் கூடாது.

சென்னையில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு வேலை: இ-கோர்ட்ஸ் ஆப்பில் தரப்பினர் பெயர் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. தாத்தா பெயர், பெரியப்பா பெயர் போட்டுப் பாருங்கள். உங்கள் நிலத்துக்கு உங்களுக்கே தெரியாமல் ஒரு கேஸ் நடந்துகொண்டிருக்கலாம்.

ஊரே சேர்ந்து போட்டால்?

இங்கேதான் சட்டம் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. 300 குடும்பத்துக்கும் ஒரே பிரச்சினை. 300 பேரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, 300 பெயரையும் பிராதில் அடித்து, ஒவ்வொருவரும் வாய்தாவுக்கு அலைய முடியுமா? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1, விதி 8 (கோர்ட் வளாகத்தில் 'ஆர்டர் ஒன் ரூல் எய்ட்' என்றால்தான் புரியும்) சொல்வது: ஒரே அக்கறை உள்ள பலருக்காக ஒருவரோ சிலரோ வழக்கு நடத்தலாம். இதுதான் பிரதிநிதித்துவ வழக்கு. எதிர்ப்பக்கம் கூட்டமாக இருந்தாலும் இதே வழிதான். அவர்களில் சிலரைப் பிரதிநிதிகளாக வைத்து வழக்குப் போடலாம்.

இதிலும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று பிரபலம். சென்னை அசோக் நகரில் வீட்டுவசதி வாரியம் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு வீடுகள் ஒதுக்கியது. வருஷங்கள் கழித்து, இன்னும் பணம் கட்டுங்கள் என்று ஆளுக்கு ஆள் தனி நோட்டீஸ் அனுப்பியது. ஒதுக்கீடு பெற்ற ஒருவர் எல்லாருக்காகவும் வழக்குப் போட்டார். 'நோட்டீஸ் தனித்தனி, ஆகவே வழக்கும் தனித்தனி' என்று வாரியம் வாதாடியது. 1990-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எல்லாருடைய அக்கறையும் ஒன்றாக இருந்தால் போதும். வழக்குக் காரணம் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் 'ஊருக்காகப் போடுறேன்' என்று பிராதில் எழுதிவிட்டால் மட்டும் அது பிரதிநிதித்துவ வழக்கு ஆகாது. நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். வழக்குப் போட்டவர் செலவில், சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். ஆட்கள் அதிகம் என்றால் பொது விளம்பரம். பேப்பரில் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில், கட்டம் கட்டி வரும் அந்த 'கோர்ட் நோட்டீஸ்' விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். உண்மையைச் சொன்னால், பேப்பரில் வேலை பார்க்கும் நானே இதை எழுத உட்காரும் வரை ஒன்றைக்கூட முழுசாகப் படித்ததில்லை.

படிக்க வேண்டும். ஏனென்றால் முறைப்படி நடந்த பிரதிநிதித்துவ வழக்கின் தீர்ப்பு, யாருக்காகப் போடப்பட்டதோ அத்தனை பேரையும் கட்டுப்படுத்தும். ஜெயித்தால் எல்லாருக்கும் ஜெயம். தோற்றால், நீதிமன்றப் படியே ஏறாத உங்களுக்கும் அதே தோல்வி. 'நான் கையெழுத்தே போடலை' என்று புதுசாக ஆரம்பிக்க முடியாது. வழக்கு நடத்துகிறவர் சரியில்லை என்று தோன்றினால், விளம்பரம் பார்த்தவுடன் 'என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று மனு போடலாம். அவர் அக்கறையாக நடத்தவில்லை என்றால் நீதிமன்றமே ஆளை மாற்றலாம். ஊர்ப் பெரியவர் எதிர்த்தரப்போடு தனியாகப் பேசி முடித்துவிட்டு வந்து 'செட்டில் ஆயிடுச்சு' என்றால் அதுவும் செல்லாது. சமரசம் என்றாலும், வாபஸ் என்றாலும் மற்றவர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும்.

மேய்ச்சல் நிலம், ஏரிக்கரை, சுடுகாட்டுப் பாதை மாதிரி ஊர்ப் பொது இடம் என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஊர் மக்கள் தங்களுக்குள் இரண்டு பிரிவாக வழக்காடிக்கொண்டிருப்பார்கள். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது அரசுப் புறம்போக்காக இருக்கும். மாநிலத்தைச் சேர்க்காமல் வாங்கும் தீர்ப்பு மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. கேஸுக்கு முன்னால் அ-பதிவேட்டைப் பாருங்கள்.

விட்டுப்போனால் சேர்க்க முடியாதா?

முடியும். கட்டளை 1, விதி 10 அதற்குத்தான். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். காலவரையறைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, புதிதாகச் சேர்க்கப்பட்டவரைப் பொறுத்தவரை வழக்கு அவர் சேர்ந்த அன்றுதான் தொடங்கியதாகக் கணக்கு. அதற்குள் கெடு முடிந்திருந்தால், நல்லெண்ணத்தோடு நடந்த தவறு என்று நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டியிருக்கும்.

அதற்காகப் பயந்து, ஊரில் இருக்கிற எல்லார் பெயரையும் பிரதிவாதி 1 முதல் 47 வரை என்று அடுக்குவதும் வேண்டாம். இன்னொரு தமிழ்நாட்டு வழக்கில், கிரய ஒப்பந்தம் சம்பந்தமாக, 2005-ல் உச்ச நீதிமன்றம் இரண்டே கேள்விகளை வைத்தது: அவரிடமிருந்து ஏதாவது பரிகாரம் கேட்கிறோமா? அவர் இல்லாமல் பயனுள்ள தீர்ப்புத் தர முடியுமா? அவசியத் தரப்பு யார் என்பது இதிலேயே தெரிந்துவிடும். தேவையில்லாத ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சம்மன், ஒரு வாய்தா, ஒரு 'ஆள் வரவில்லை' உண்டு.

அப்புறம், நில வழக்குகளில் ஆட்கள் இறந்துபோவார்கள். தாத்தா போட்ட கேஸைப் பேரன் நடத்துவது இங்கே செய்தியே இல்லை. தரப்பினர் ஒருவர் இறந்தால், 90 நாளுக்குள் அவருடைய வாரிசுகளை வழக்கில் சேர்க்க மனு போட வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதைத் திரும்ப உயிர்ப்பிக்க இன்னும் 60 நாள் உண்டு, அதற்குப் பிறகு தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். 90 நாள் எண்ணத் தொடங்குவது இறந்த தேதியிலிருந்து. அதில் பாதி, பதினாறாம் நாள் காரியத்திலும் வாரிசுச் சான்றிதழுக்காக தாலுகா ஆபீஸ் அலைவதிலுமே போய்விடும்.