மெக்சிக்கோ நகரில் ஒரு மாலை: மகேய் மதுவும் முகமூடி மல்லரும்

மெக்சிக்கோ நகரத்துக்குச் செல்லும் வெளிநாட்டார் பகற்பொழுதிலே பார்ப்பதற்குப் பல உள. அஸ்தேக்கர் கட்டிய பெருங்கோயிலின் இடிபாடுகள், ஸ்பானியர் எழுப்பிய பேராலயம், தேசிய மாளிகைச் சுவர்களிலே தியேகோ ரிவேரா தீட்டிய ஓவியங்கள் என அவை விரியும். மாலையானதும் அவர்களிற் பலர் வேறொரு சுற்றுலாவுக்குப் புறப்படுகின்றனர். சிறு கூட்டமாக ஒரு மதுச்சாலையிற் கூடி, அந்நாட்டு மது வகைகளைத் துளித்துளியாகச் சுவைத்து, அவற்றின் வரலாற்றை வழிகாட்டி சொல்லக் கேட்கின்றனர். பின்னர் ஆளுக்கொரு முகமூடியை அணிந்துகொண்டு, முகமூடி மல்லர் பொருதும் பேரரங்கை நோக்கிச் செல்கின்றனர். ஒரு மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மதுவும் மல்லும் குடும்பத்தார் படிக்கும் பக்கத்துக்கு உரிய பொருள்களா என்று பெற்றோர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். எவரையும் மது அருந்துமாறு நாம் கூறவரவில்லை. அந்த ஒரு மாலைக் களியாட்டத்தின் பின்னே, கற்றோரும் செல்வரும் நெடுங்காலம் இழிவென ஒதுக்கிய இரு தொழில்களின் கதை உண்டு. அவை இழிவினின்று மீண்ட விதமும், மீண்ட பின்னர் அவற்றுக்கு நேர்ந்துள்ள இடரும் நம்மவர் அறியத்தக்கன.

பனைக்கு நிகரான செடி

அந்நாட்டு மதுவகைகள் பலவற்றுக்கு மூலம் மகேய் என்னும் கற்றாழை இனத்துச் செடி. நம் நாட்டு வேலியோரங்களிற் காணப்படும் ஆனைக் கற்றாழையும் அவ்வினத்ததே; அதன் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். யாழ்ப்பாணத்தார்க்குப் பனை எப்படியோ மெக்சிக்கோவின் குடியானவர்க்கு மகேய் அப்படி. அதன் இலைநார் கயிறும் துணியும் ஆயிற்று. இலைநுனி முள் ஊசியாயிற்று. காய்ந்த தண்டு குடிசைக்கு மரமாயிற்று. செடியின் நடுவைக் குடைந்தால் ஊறும் இனிய சாறு நமது கருப்பநீரை ஒத்தது. அது புளித்துப் பெறும் வெண்ணிறக் கள்ளைப் புல்க்கே என்பர்.

அஸ்தேக்கர் இச்செடியை மாயாவெல் என்னும் பெண்தெய்வமாகப் போற்றினர். போற்றியவர்கள் வெறிகொள்ள இடங்கொடுத்தாரல்லர். குடித்து மயங்கியோர்க்கு அவர்களிடையே கடுந்தண்டனை இருந்தது. வயது முதிர்ந்தோர் மாத்திரம் வேண்டுமளவு அருந்தலாம் என்பதை, மெந்தோசா ஏடு எனப்படும் 16ஆம் நூற்றாண்டுச் சித்திர நூல் நமக்குக் காட்டுகிறது.

கள்ளிலிருந்து சாராயம் வடிக்கும் வித்தை பின்னர் வந்தது. அவ்வித்தை வந்த வழி நமக்குச் சுவையானது. 1565ஆம் ஆண்டு முதல் 1815ஆம் ஆண்டு வரை, பிலிப்பைன் தீவுகளிலுள்ள மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் மேற்குக் கரைக்குமிடையே ஸ்பானியரின் வாணிகக் கப்பல்கள் ஓடின. அவற்றில் வந்த பிலிப்பைன் மக்கள் கொலிமாக் கரையோரத்திலே தென்னை நட்டுக் கள்ளிறக்கிச் சாராயம் வடித்தனர். அவர்கள் கையாண்ட எளிய வாலையே பின்னர் மகேய் மதுவை வடிக்கவும் உதவியதென ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். தென்னஞ்சாராயத்தை அறிந்த ஆசிய மக்களின் கைத்திறன் பசிபிக் கடலைக் கடந்து சென்று மெக்சிக்கோவின் தேசிய மதுவுக்குத் துணைநின்றது போலும்!

ஸ்பானிய அரசு இதனை விரும்பவில்லை. தன் நாட்டிலிருந்து வரும் மதுவகைகளின் விற்பனை குன்றுமென அஞ்சி உள்ளூர் மதுவைப் பலமுறை தடைசெய்தது. 1795ஆம் ஆண்டிலே குவேர்வோ குடும்பத்தார் தெக்கீலா என்னும் ஊரில் மது வடிப்பதற்கு அரச உரிமை பெற்றனர். அவ்வூரின் பெயரே இன்று உலகெங்கும் அம்மதுவின் பெயராக வழங்குகிறது.

எட்டாண்டு உழைப்பு

மகேயிலிருந்து வடிக்கும் மது அனைத்துக்கும் பழைய பொதுப்பெயர் மெஸ்கால். 'சூளையில் வெந்த மகேய்' என்னும் பொருள்படும் நவாத்தில் மொழிச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. தெக்கீலா என்பது நீலக் கற்றாழை என்னும் ஒரே இனத்திலிருந்து, ஹலிஸ்கோ மாநிலத்திலும் வேறு சில மாநிலங்களின் பகுதிகளிலும் செய்யப்படுவது. குறித்த இடத்திற் செய்யப்படாத எதற்கும் அப்பெயரை இடலாகாது என்னும் சட்டக்காப்பு தெக்கீலாவுக்கு 1974ஆம் ஆண்டிலும் மெஸ்காலுக்கு 1994ஆம் ஆண்டிலும் கிடைத்தது. தெக்கீலா ஊரைச் சூழ்ந்த கற்றாழைத் தோட்டங்களையும் பழைய வடிசாலைகளையும் யுனெஸ்கோ நிறுவனம் 2006ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

மெஸ்கால் செய்யும் முறையை வஹாக்கா மாநிலத்துக் கிராமங்களிலே இன்றுங் காணலாம். செடி முற்றுவதற்கு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை செல்லும். மலைச்சரிவுகளிலே தானாக வளரும் சில காட்டினங்களுக்கு இருபது ஆண்டுக்கு மேலும் வேண்டும். முற்றிய செடியின் இலைகளைச் செதுக்கி எறிந்தால் பெரிய அன்னாசிப்பழம் போன்ற அடிப்பகுதி எஞ்சும். நிலத்திலே குழி தோண்டி, விறகெரித்துக் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, அவற்றின்மேல் இவ்வடிப்பகுதிகளை அடுக்கி, மண்ணால் மூடி மூன்று நான்கு நாட்கள் வேகவிடுவர். மெஸ்காலிற் புகைமணம் கமழ்வது இதனாலேயே. வெந்ததைக் குதிரையோ கோவேறு கழுதையோ இழுக்கும் கற்சில்லின்கீழ் நசுக்கி, மரத்தொட்டிகளிற் புளிக்கவைத்து, செம்புப் பாத்திரத்திலோ மட்பாண்டத்திலோ இருமுறை வடிப்பர். வடித்ததன் வலுவை அறிய ஒரு நாணற்குழலால் உறிஞ்சிக் கிண்ணத்தில் விடுவர். எழும் குமிழிகளின் அளவையும் அவை நிற்கும் நேரத்தையும் கண்டே தேர்ந்த கைவினைஞர் மதுவின் தரத்தைக் கூறிவிடுவர்.

சுற்றுலாவின் முற்பாதியிலே வழிகாட்டிகள் இவற்றை எடுத்துரைக்கின்றனர். வெளிநாட்டார் பலர் உப்பை நக்கித் தெக்கீலாவை ஒரே மடக்கில் விழுங்கித் தேசிக்காயைக் கடிப்பதே முறையென எண்ணி வருவர். நல்ல மெஸ்காலை அவ்வாறு அருந்துதல் அதனைச் செய்தவனை அவமதிப்பதாகும் என்று அவர்களுக்குச் சொல்லப்படும். முத்தமிடுவதுபோல் இதழில் நனைத்தே அருந்த வேண்டுமென்பது அந்நாட்டு வழக்கு. பக்கத்திலே தோடம்பழத் துண்டு இருக்கும். எட்டாண்டு வளர்ந்த செடியின் சாரத்தை எட்டு நொடியில் விழுங்குவது அறிவுடைமையாகுமா?

சப்பாத்துத் தொழிலாளி தைத்த முகமூடி

மதுச்சாலையை விட்டு அரங்குக்குச் செல்வோம். நகரின் 'டொக்டர்கள்' பேட்டையிலே, மருத்துவர்களின் பெயர் தாங்கிய தெருக்களுக்கு நடுவே அரேனா மெக்சிக்கோ நிற்கிறது. 1956ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்வரங்கிலே ஏறத்தாழ 16,000 மக்கள் அமரலாம். வாயிலின் இருமருங்கும் முகமூடி விற்போரின் கடைகள் நிரம்பியிருக்கும். வெள்ளிக்கிழமை இரவே அங்கு பெருநாள்.

லூச்சா லீப்ரே என்பது இம்மல்லின் பெயர். கட்டற்ற மல் எனலாம். சல்வதோர் லுத்தெரோத் என்பவர், அமெரிக்க எல்லையிலுள்ள எல்பாசோ நகரிலே இவ்வகை மற்போரைக் கண்டு, 1933ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆந் திகதி தமது முதல் நிகழ்ச்சியை மெக்சிக்கோ நகரில் நடத்தினார். அவர் தொடங்கிய சங்கம் பெயர் மாறி இன்றும் இயங்குகிறது. 1934ஆம் ஆண்டில், முகத்தை மறைத்துப் பொருத விரும்பிய ஓர் அமெரிக்க மல்லருக்காக அந்தோனியோ மார்த்தீனெஸ் என்னும் சப்பாத்துத் தொழிலாளி தோலினால் ஒரு முகமூடி தைத்துக் கொடுத்தார். அன்று தொடங்கிய வழக்கம் ஒரு நாட்டின் அடையாளமாக வளர்ந்துவிட்டது.

கோதாவிலே இரு திறத்தார் இறங்குவர். முறை தவறாது பொருவோர் 'தெக்னிக்கோ'. வஞ்சகமும் முரட்டுத்தனமும் காட்டுவோர் 'ரூடோ'. மூன்று சுற்றில் இரண்டை வென்றவர்க்கே வெற்றி. கயிற்றின்மேலேறி வானிற் பாய்ந்து, எதிரியின்மீது விழுந்து புரள்வது கண்கொள்ளாக் காட்சி. தாராசிங், கிங்கொங் என்னும் பெயர்களைக் கேட்டு வளர்ந்த நம் முதியோர் இதனை எளிதிற் கற்பனை செய்துகொள்வர். அரங்கமும் இரண்டாகப் பிரிந்து கூச்சலிடும். வாழ்விலே முறை தவறாது நடந்தும் தோற்றுக்கொண்டேயிருக்கும் ஏழைமக்கள், ரூடோவை வாய்விட்டு வைவதற்கு ஓரிடம் வேண்டுமன்றோ!

முடிவு முன்னரே வகுக்கப்பட்டது, எல்லாம் நடிப்பு என்று நகைப்போர் உளர். கூத்திலே இறுதியில் யார் வெல்வார் என்பதை நன்கறிந்தே விடியுமட்டும் விழித்திருந்தவர்கள் நம்மவர். முடிவு வகுக்கப்பட்டதாயினும் விழுகின்ற உடம்பு உண்மையானது. 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, தீஹ்வானா நகரில் நடந்த போட்டியொன்றில் பெர்ரோ அகுவாயோவின் மகனான இளம் மல்லர் கழுத்திற் பட்ட அடியினால் உயிர் நீத்தார். தந்தையும் மல்லர், மகனும் தந்தையின் பெயரையே தாங்கியவர்.

முகத்தை இழத்தல்

முகமூடி மல்லனின் மானம். எதிரியின் முகமூடியைப் பிடித்துக் கழற்றுபவன் அந்தச் சுற்றை இழப்பான். ஆயினும் இருவரும் உடன்பட்டு முகமூடியையே பணயமாக வைத்துப் பொருதுவதும் உண்டு. அதில் தோற்றவன் கோதாவின் நடுவே நின்று தன் முகமூடியைக் கழற்றி, தன் இயற்பெயரையும், பிறந்த ஊரையும், எத்தனை ஆண்டு மற்போர் செய்தான் என்பதையும் உரைத்தல் வேண்டும். முகமூடியற்றவன் தலைமயிரைப் பணயம் வைப்பான். 1952ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்திலே, 'எல் சாந்தோ' என்னும் வெள்ளி முகமூடியார் 'பிளாக் ஷடோ' என்பவரின் முகமூடியை இவ்வாறு வென்ற போர் இன்றும் பேசப்படுகிறது.

எல் சாந்தோ என்றால் புனிதர் என்பது பொருள். ரொடோல்போ குஸ்மான் என்னும் இயற்பெயருடைய அவர் 1917ஆம் ஆண்டு துலான்சிங்கோ என்னும் ஊரிற் பிறந்தவர். 1942ஆம் ஆண்டு முதல் வெள்ளி முகமூடியிலேயே வாழ்ந்து, ஐம்பதுக்கு மேற்பட்ட திரைப்படங்களிலும் அதனுடனேயே தோன்றினார். 1984ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் திடீரென முகமூடியைச் சிறிது உயர்த்தித் தம் முகத்தை மக்களுக்குக் காட்டினார். சில நாட்களுள், பெப்ரவரி 5ஆந் திகதி, காலமானார். முகமூடியுடனேயே அவரை அடக்கஞ் செய்தனர்.

முகமூடி அரங்கைவிட்டு வெளியேயும் சென்றது. செர்ஹியோ குத்தியெரெஸ் என்னும் கத்தோலிக்கக் குரு, தாம் நடத்திய அநாதை இல்லத்துக்குப் பொருள் தேடுவதற்காக 'ஃப்ராய் தோர்மென்தா' என்னும் பெயரிலே முகமூடியணிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக மற்போர் செய்தார். 1985ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் வீடிழந்தோரும், குடியிருப்போரும் உரிமை கோரிக் கிளர்ந்தபோது, 1987ஆம் ஆண்டிலே 'சூப்பர் பாரியோ' என்னும் செம்முகமூடியார் அவர்கள் முன்னே நின்றார். குடிகளை வீட்டைவிட்டு வெளியேற்ற வந்த அதிகாரிகள் அம்முகமூடியை எதிர்கொள்ள நேர்ந்தது. பெண்கள் தலைநகரிலே மற்போர் செய்வதற்கு 1950களில் விதிக்கப்பட்ட தடையும் 1986ஆம் ஆண்டிலேதான் நீங்கியது.

புகழ் தந்த இடர்

குடியானவனின் மதுவென்றும் சேரிமக்களின் கூத்தென்றும் ஒதுக்கப்பட்ட இவ்விரண்டும் இன்று பெருமை பெற்றுவிட்டன. மற்போரை 2018ஆம் ஆண்டிலே மெக்சிக்கோ நகர அரசு தன் பண்பாட்டு மரபுரிமையென அறிவித்தது. மெஸ்கால் உலகின் பெருநகரங்களிலெல்லாம் உயர்ந்த விலைக்கு விற்கிறது. அந்நியர் புகழ்ந்த பின்னரே தன் வீட்டுப் பொருளின் மதிப்பை உணர்வது மெக்சிக்கோவுக்கு மாத்திரம் உரிய குறையன்று. நமது பனையையும் கூத்தையும் எண்ணிப் பார்ப்போர் இதனை ஒப்புக்கொள்வர்.

புகழோடு இடரும் வந்தது. மகேய் தன் வாழ்நாளில் ஒரு முறையே பூக்கும், பூத்தால் மடியும். சாறு தண்டுக்கு ஏறிவிடாதிருக்க, பூக்குமுன்னரே தண்டை வெட்டிவிடுகின்றனர். பூவின்றேல் விதையில்லை. ஆகவே பக்கக் கன்றுகளையே பெயர்த்து நடுகின்றனர். அதனால் தோட்டம் முழுவதும் ஒரே செடியின் நகல்களாகி, ஒரு நோய் வந்தால் அனைத்தும் மாயும் நிலை உண்டாகிறது. இரவிலே மகேய்ப் பூவின் தேனை நாடிவரும் வௌவால்களும் உணவிழக்கின்றன. இருபதாண்டு வளரும் காட்டுச் செடியை வெட்டுவது ஒரு நாள் வேலை. அவ்விடத்தில் மற்றொன்று முற்றுவதற்கு ஒரு தலைமுறை செல்லும். இதனை உணர்ந்தோர் ஒவ்வொரு தோட்டத்திலும் சில செடிகளைப் பூக்கவிடும் முயற்சியை மேற்கொண்டுள்ளனர். பயணிகளும் பொறுப்புடையர். முகமூடியணிந்து போதையிற் கூச்சலிட்டுத் திரும்புவோர்க்கும், அறிந்து திரும்புவோர்க்கும் ரிக்கற் விலை ஒன்றே.

நல்ல வழிகாட்டிகள் மதுப்புட்டியின் மேலுள்ள சீட்டைப் படிக்குமாறு கூறுகின்றனர். சிறந்த மெஸ்கால் சீட்டுகளிலே வடித்தவரின் பெயர், அவர் கிராமம், செடியின் இனம் ஆகியன அச்சிடப்பட்டிருக்கும். அரங்கிலே முகமூடிக்குள் ஒளிந்திருக்கும் பெயரைக் கேட்டறிய முயல்வது முறையன்று. அப்பெயர் அவன் தோற்கும் நாளிலே அவனே சொல்லவேண்டியது. மதுச்சாலையிலோ பெயரைக் கேளாதிருப்பதுதான் குற்றம். பிறநாட்டைக் காணச் செல்லும் மாணவர்கள் எதனைக் கேட்கவேண்டும், எதனைக் கேட்கலாகாது என்னும் இவ்வேறுபாட்டைக் கற்றுச் செல்வாராக.