ஏகாதசியன்று எவற்றை உட்கொள்ளலாம்?

ஏகாதசி வந்துவிட்டால், முதியோர் உள்ள இல்லங்கள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். காலை மாத்திரையையும் தண்ணீரையும் மருமகள் கொண்டுவந்து கொடுப்பாள். “இன்று உபவாசம், அம்மா. நாளை பாரணைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று மாமனார் மறுத்துவிடுவார். மருந்து உட்கொண்டால் விரதம் முறிந்துவிடும் என்பது அவருடைய அச்சம். சாஸ்திரம் அவ்வாறு கூறவில்லை.

மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில், உறக்கமின்றித் தவித்த திருதராஷ்டிரனுக்கு விதுரர் நீதி உரைக்கிறார். விரதத்துக்குப் பங்கம் விளைவிக்காதவை என்று எட்டினை அங்கே அவர் எடுத்துரைக்கிறார். தண்ணீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், அந்தணரின் விருப்பம், குருவின் சொல் ஆகியவற்றோடு எட்டாவதாக இடம்பெறுவது மருந்து.

ஏகாதசி உபவாசத்துக்கு வயது வரம்பும் உண்டு. எட்டு வயதுக்கு மேல் எண்பது நிறையும் வரையில் உள்ளோருக்கே அது விதிக்கப்பட்டுள்ளது. முழு உபவாசம் இயலாதோர், பகலில் ஒரு வேளை மட்டும் உண்ணும் ஏகபுக்தமோ, இரவில் மட்டும் உண்ணும் நக்தமோ அனுஷ்டிக்கலாம்.

அன்று விலக்க வேண்டியவற்றுள் முதன்மையானது அரிசி. பிற தானியங்களையும் பருப்பு வகைகளையும் விலக்குவதே முறை. ‘பலகாரம்’ என்னும் சொல்லே ‘பல ஆஹாரம்’, அதாவது பழ உணவு என்பதிலிருந்து வந்ததுதான். நாளடைவில் அது இட்லியையும் உப்புமாவையும் குறிக்கலாயிற்று! பால், மோர், பழங்கள், இளநீர், வேகவைத்த கிழங்கு ஆகியவை ஏற்றவை. ஜவ்வரிசியின் பெயரில் அரிசி இருப்பினும், நம் ஊர்களில் அது மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்தே தயாராகிறது. எனினும் கிழங்கும் ஜவ்வரிசியும் சர்க்கரையை உயர்த்தக்கூடியவை. நீரிழிவு உள்ளோர் அளவறிந்து உண்ணல் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளோர் இளநீர் அருந்துமுன் மருத்துவரைக் கேட்பது நலம்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் உணவைத் தவிர்த்தால், இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். அதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு. ஏகாதசிக்குச் சில நாட்கள் முன்னரே மருத்துவரைக் கலந்து, மருந்தின் அளவையும் நேரத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். விரதத்தின் நடுவே வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் தோன்றினால், சற்றும் தயங்காமல் சர்க்கரை கரைத்த நீரையோ பழச்சாற்றையோ அருந்துதல் அவசியம்.

மறுநாள் துவாதசியில் பெருமாளை வணங்கி, அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் சேர்த்த எளிய உணவோடு உரிய காலத்தில் பாரணை செய்தல் மரபு.

உபவாசம் என்பதற்கு ‘அருகில் வசித்தல்’ என்று பொருள். பகவானின் அருகில் மனம் அமர வேண்டுமாயின், உடலும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும் அன்றோ? மருமகள் கொண்டுவரும் அந்த மாத்திரையை, பகவானை நினைந்து மனநிறைவோடு பெற்றுக்கொள்ளலாம். விரதத்துக்கு அதனால் யாதொரு குறையும் இல்லை.