தேயிலைத் துண்டும் மூளைச் சிற்றுருவும்

ஒற்றை இலையோடு கூடிய தேயிலைத் தண்டின் சிறு துண்டை நாற்றுத் தவறணையில் ஊன்றினால், அது வேர்விட்டு முழுச் செடியாகின்றது. ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் வளர்ந்த எமக்கு இது புதுமையன்று. தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ‘டி.ஆர்.ஐ. 2025’ முதலிய இனங்கள் இவ்வாறே மலைச்சரிவெங்கும் பரவின. மனிதனின் முதிர்ந்த கலமோ மீண்டும் இளமை எய்தாதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

2006 இல் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாக்கா, சுண்டெலியின் கலங்களில் நான்கு மரபணுக்களைப் புகுத்தி அவற்றை மூலக் கலங்களாக்கினார். மறு ஆண்டே மனிதத் தோற்கலத்திலும் அது கைகூடிற்று. 2013 இல் வியன்னாவில் மடலின் லன்காஸ்ரர், யூர்கன் நொப்லிக் முதலியோர் மூலக் கலங்களைக் கூழ்த்துளியிற் பதித்து, வளர்ப்புத் திரவத்திற் சுழலவிட்டனர். அவை தாமே அடுக்கடுக்காய்த் திரண்டு, கருவின் மூளையைப் பெரிதும் ஒத்த, ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் உருண்டைகளாயின. விஞ்ஞானிகள் இதனை ‘ஓர்கனொயிட்’ என்பர். நாம் மூளைச் சிற்றுரு என்போம்.

சிறுதலையோடு பிள்ளை பிறந்தால், “கிரகணத்தில் வெளியே போனாள்” என்று தாயையே பழிக்கும் வழக்கத்தை எமது லயங்களிற் கண்டிருக்கிறோம். வியன்னா அறிஞர் அக்குறையுடைய ஒருவரின் தோற்கலத்திலிருந்தும் சிற்றுரு வளர்த்தனர்; அதுவும் சிறுத்தே நின்றது. பெருகவேண்டிய முன்னோடிக் கலங்கள், காலத்துக்கு முன்பே நரம்புக் கலங்களாக முதிர்ந்துவிட்டமையே காரணம். விதைநெல்லைக் குத்தி உண்டுவிட்டால் அடுத்த போகத்துக்கு நெல் ஏது? அவருடைய குறைக்கு வேர் மரபணுவொன்றின் பழுது, கிரகணமன்று. சுண்டெலியில் இக்குறை இவ்வளவு கடுமையாகத் தோன்றுவதில்லை. ஆதலின் மனிதக் கலத்தையே நாடவேண்டியிருந்தது.

பிரேசிலில் சீக்கா நோய் பரவியபோது, 2016 இல், அவ்வைரசு முன்னோடிக் கலங்களைத் தாக்கி அழிப்பதையும் சிற்றுருக்களே காட்டின. அதைப் பரப்பும் நுளம்பு, நாம் நன்கறிந்த டெங்கு நுளம்பேயாம்.

இதனைக் ‘குட்டி மூளை’ என்று பத்திரிகைகள் எழுதுவது எமக்கு உடன்பாடன்று. கண்ணில்லை, செவியில்லை, குருதிக் குழாயின்மையால் வளர வளர உட்பகுதி பட்டினியால் மடிகிறது. ஆயினும் நரம்புக் கலங்கள் மின்துடிப்பு எழுப்புவதால், எதுவரை வளர்க்கலாம், தோல் தந்தவரிடம் எவற்றுக்கெல்லாம் இசைவு பெறவேண்டும் என்னும் வினாக்கள் எழுந்துள்ளன.

சிற்றுரு மெய்யான மூளையை எவ்வளவு ஒத்தது என்பதை அறிய, மெய்யான மூளையின் படமும் வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2024 இல் ‘தரணி’ என்னும் பெயரில், கருமூளையின் 5,132 வெட்டுமுகங்களைப் படமாக்கி வெளியிட்டது. கல்லூரி ஆய்வுகூடத்தில் தவளையோடு நின்றுவிட்ட எம்போன்றோரும் அதனைக் கணினியிற் கட்டணமின்றிக் காணலாம்.