வளையங்களிலிருந்து மழலைக்கு

பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய ‘டிஃப்ராக்’, இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட பொதுப்பயன் இலத்திரனியல் கணினிகளில் முதலாவது. அதற்குத் தலைமை தாங்கியவர் ரங்கசாமி நரசிம்மன். 1926இல் சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் மின்பொறியியலிலும் கணிதத்திலும் உயர்பட்டம் பெற்றவர். 1954இல் அவர் நாடு திரும்பி நிலையத்தில் சேர்ந்தபோது அங்கு கணினி கட்டிப் பழகியவர் என்று எவரும் இருக்கவில்லை. அவருடைய சிறு குழு 1956இல் முதலில் ஒரு மாதிரிப் பொறியைச் செய்து ஓட்டிப் பார்த்தது. அதில் கற்றுக்கொண்டதை வைத்தே பெரிய பொறியில் கை வைத்தது.

பெரிய பொறி இரும்புச் சட்டங்களில் ஒரு சுவர் நீளத்துக்கு நின்றது. உள்ளே 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மேனியம் இருவாயிகள், 12,500 தடையிகள். பழைய வானொலிப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு வால்வு எப்படிச் சுடும் என்பது தெரியும். அத்தகைய ஆயிரக்கணக்கான வால்வுகள் ஒன்றாக எரியும்போது எழும் வெப்பத்தைத் தணிப்பதும், பழுதானதைத் தேடிப் பிடித்து மாற்றுவதும் அக்காலக் கணினிக்காரரின் அன்றாட வேலை. நிரலும் தரவும் துளையிட்ட தாள் நாடா வழியாக உள்ளே போயின. விடை தட்டச்சாக வெளியே வந்தது. கதோட்டுக் கதிர்க்குழாய்த் திரையில் வரைபடமாகப் பார்க்கவும் வழி செய்திருந்தார்கள். அந்நாளில் அது பெரிய துணிச்சல்.

டிஃப்ராக்கின் உயிர்நாடி அதன் நினைவகம். வாவியில் வீசுகிற வலையை விரித்து, அதன் ஒவ்வொரு முடிச்சிலும் கடுகளவான கருவளையம் ஒன்றைக் கோத்ததாக எண்ணிக்கொண்டால் அதன் உருவம் ஓரளவு பிடிபடும். மருதமுனைத் தறியில் பாவும் ஊடையும் ஓடுவது போல, நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்லிய கம்பிகள் ஓடும். அவை சந்திக்கும் இடமெல்லாம் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையம் ஒன்று இருக்கும். வளையம் வலமாகக் காந்தமேறினால் ஒன்று, இடமாக ஏறினால் பூச்சியம். ஒரு வளையத்தை மட்டும் மாற்ற வேண்டுமானால், அதைத் துளைத்துச் செல்லும் நெடுக்குக் கம்பியில் பாதி மின்னோட்டமும் குறுக்குக் கம்பியில் மறுபாதியும் விட வேண்டும். பாதி மின்னோட்டம் எந்த வளையத்தையும் அசைக்காது. இரண்டும் கூடும் அந்த ஒரு முடிச்சு மட்டும் புரளும். புரளும்போது வேறொரு கம்பியில் எழும் சிறு துடிப்பைக் கொண்டே அதில் இருந்தது என்னவென்று அறிவார்கள். படித்தால் அழிந்துவிடும் என்பதால், படித்த கையோடு திரும்ப எழுதியாக வேண்டும். டிஃப்ராக் 40 இரும இலக்கம் நீளமுள்ள 2,048 சொற்களை இவ்வாறு வைத்திருந்தது. கணக்குப் பார்த்தால் 81,920 வளையங்கள். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றின் மூலைக்கும் அது காணாது. ஆனாலும் பௌதிகவியலாளரின் நீண்ட கணக்குகள் அதற்குள் அடங்கி நடந்தன.

1962 ஜனவரியில் நேரு அதற்குப் பெயர் சூட்டினார். அதற்குள் உலகம் வால்வை விட்டுத் திரான்சிஸ்டருக்கு மாறிவிட்டிருந்தது. 1964இல் அமெரிக்காவிலிருந்து சிடிசி 3600 என்ற கணினி வந்து சேர, டிஃப்ராக் ஓய்வு பெற்றது. சில ஆண்டுகளே ஓடிய பொறிக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள், அதைக் கட்டியவர்கள் பிறகு எங்கெங்கு போனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நரசிம்மன் போன வழி எல்லாவற்றிலும் வியப்பானது.

1961இல் அவர் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அணுத்துகள் ஆய்வாளர்கள் அப்போது படங்களில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். குமிழி அறைக்குள் மின்னேற்றமுள்ள துகள் பாயும்போது அது சென்ற தடம் குமிழிக் கோடாகத் தெரியும். அதைப் படம் பிடித்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்வதற்கென்றே ‘இலியாக் 3’ என்ற கணினி அங்கு உருவாகிக்கொண்டிருந்தது. ஒரு படத்துக்கும் வாக்கியத்தைப் போல இலக்கணம் உண்டு என்பது நரசிம்மன் கொண்டுவந்த கருத்து. தமிழ் எழுத்தைக் கொண்டே இதை விளக்கலாம். மேலிருந்து கீழே ஒரு கோடு, அதன் அடியிலிருந்து வலப்பக்கம் ஒரு கோடு: அது ‘ட’. வலப்பக்கக் கோட்டின் நுனியிலிருந்து மேலே இன்னொரு கோடு எழும்பினால் ‘ப’. எழுதியவரின் கை நடுங்கினாலும், எழுத்துப் பெருத்தாலும் சிறுத்தாலும், கோடுகள் சேரும் முறை மாறுவதில்லை. அந்தச் சேர்க்கை விதிகளைப் பொறிக்குச் சொல்லிக்கொடுத்தால் அது படத்தை ‘வாசிக்கும்’. உருவங்களை அறியும் கணினி ஆய்வில் பின்னர் தனிக் கிளையாக வளர்ந்த வழி இது.

படத்திலிருந்து அவர் மனிதப் பேச்சுக்கு வந்தார். ஒரு குழந்தை பேசக் கற்பது எப்படி என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, தமிழ் பேசும் குழந்தை ஒன்றின் பேச்சை ஒன்பதாம் மாதம் முதல் இரண்டே முக்கால் வயது வரை தொடர்ந்து பதிவு செய்து ஆராய்ந்தார். அந்தப் பதிவு இன்று உலக ஆய்வாளர்கள் பயன்படுத்தும் குழந்தைப் பேச்சுத் தொகுப்பில் இருக்கிறது. பெயர், வினை என்று இலக்கணம் பிரித்துக் காட்டும் சட்டத்துக்குள் அவர் நின்றுவிடவில்லை. ‘தண்ணி’ என்று ஒரு பிள்ளை சொல்வது கேட்பதற்காகவா, காட்டுவதற்காகவா, கொட்டிவிட்டதைச் சொல்வதற்காகவா என்று பார்த்தார். பேச்சு ஒரு செயல் என்பதே 1981இல் வந்த அவரது நூலின் அடித்தளம்.

கடைசிக் காலத்தில் எழுத்தறிவு பற்றி எழுதினார். எழுதத் தெரிந்தால்தான் மொழியைப் பற்றி ஆழச் சிந்திக்க முடியும் என்ற மேலைநாட்டுக் கருத்தை அவர் ஏற்கவில்லை; வாய்வழியாகவே பேணப்பட்ட வேதப் பாடங்களையும் அவற்றைச் சூழ்ந்து எழுந்த நுண்ணிய ஒலியாராய்ச்சியையும் சான்று காட்டினார். மட்டக்களப்பில் கூத்துப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சொல்லக் கேட்டே மாதக்கணக்கில் தருவும் தாளக்கட்டும் மனதில் ஏறுகின்றன. ஒரு அடி பிசகினால் மத்தளம் நிற்கும். பிசகிய இடம் எதுவென்று அண்ணாவியார் சொல்வார். மறுபடி அதே அடியிலிருந்து ஆட்டம் தொடங்கும்.

நரசிம்மன் 2007 செப்டம்பரில் காலமானார். எழுத்தறிவு பற்றிய அவரது நூல் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளிவந்தது.