முக்குளிப்புச் சாமான்களைக் கரைக்குக் கொண்டு செல்லும் முறை



காலையில் பால் வெட்டப் புறப்படும்போது வாளியை எடுத்துக்கொண்டு கத்தியை மறந்துவிட்டால் என்ன ஆகும்? பாதித் தூரம் நடந்தவர் திரும்பி வரவேண்டும். கடலுக்கடியில் முக்குளிக்கப் போகிறவருக்கும் அப்படித்தான். ஆனால் அங்கே மறதியின் விலை சில வேளை உயிராகவும் இருக்கும்.

பெர்ஹெந்தியான், தியோமான் போன்ற தீவுகளில் படகில் போகாமல், கரையிலிருந்தே கடலில் இறங்கியும் முக்குளிக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை முறையாகப் பயிற்சி பெற்று முக்குளித்தாலும் சரி, அங்கே வேலைக்குச் சேர்ந்து சாமான் சுமந்தாலும் சரி, இந்த ஒழுங்கு அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி இல்லாதவர் இந்தச் சாமான்களோடு நீரில் இறங்கவே கூடாது.

முதலில் காற்றுக் கலனைப் பார்ப்போம். சிலர் இதை ஆக்சிஜன் என்கிறார்கள். அது தவறு. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள். வழக்கமான அலுமினியக் கலனில் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று, 200 மடங்கு அழுத்தத்தில் அடங்கியிருக்கும். வெறுங்கலன் சுமார் 14 கிலோ; உள்ளிருக்கும் காற்றுக்கே இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை உண்டு. மருந்தடிக்கும் பம்பை முதுகில் சுமந்தவர்களுக்கு இந்தப் பாரம் புதிதல்ல.

இதை வண்டியில் நிறுத்தி வைக்கக்கூடாது. படுக்க வைத்து, உருளாதபடி இரு பக்கமும் முட்டுக் கொடுத்துக் கட்டவேண்டும். விழுந்து வால்வு உடைந்தால், அடைபட்ட காற்று பீறிட்டுக் கலனையே தூக்கி எறியும். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள்ளும் விட்டு வைக்கலாகாது. வெப்பம் ஏற ஏற உள்ளழுத்தமும் ஏறும்.

அடுத்து, புறப்படுமுன் வீட்டிலேயே சோதனை. காற்றைச் சீராக்கித் தரும் கருவியைக் கலனில் பொருத்தி, வால்வைத் திறந்து, அளவுமானியைப் பார்த்து, நாலைந்து முறை மூச்சிழுத்துப் பார்க்கவேண்டும். எண்ணெய் வாடை அடித்தால் அந்தக் காற்று வேண்டாம். வால்வில் சிறிய ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அது கிழிந்தால் பயணமே வீண். ஆகவே மாற்று வளையம் இரண்டு கையிலிருக்கட்டும்.

பை அடுக்குவதற்கும் முறை உண்டு. கடைசியில் அணிவது அடியில். முதலில் அணிவது மேலே. முகக்கண்ணாடியைத் துணிகளுக்கு நடுவே வைக்கவேண்டும். ஈயக்கட்டிகளை இதே பையில் போட்டால் பையும் கிழியும், கண்ணாடியும் உடையும். அவற்றைத் தனியே தூக்குவோம். கரையில் படுதா ஒன்றை விரித்து அதன்மேல் சாமான்களை வைத்தால் மணல் ஏறாது.

முக்குளித்து வந்தபின் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தவேண்டும். உப்பு உலோகத்தை அரிக்கும். கலனில் கொஞ்சம் காற்றை மிச்சம் வைத்தால் ஈரம் உள்ளே புகாது.

இனி, பலரும் அறியாத ஒன்று. ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் நம் உடம்பில் கரைகிறது. அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் உயரமான இடத்திற்குப் போனால், அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் உடம்பில் குமிழிகள் உண்டாகலாம். மூட்டுவலி, மரமரப்பு, கைகால் விழுதல் வரை போகும். விமானப் பயணத்துக்கு மட்டுமே இந்த ஆபத்து என்று எண்ணிவிடவேண்டாம். கேமரன் மலை 1,400 மீட்டருக்கும் உயரம். பெர்ஹெந்தியானில் முக்குளித்துவிட்டு, மறுநாள் வேலை என்று அன்றே வண்டி பிடித்து மலையேறும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் இதே ஆபத்து உண்டு. ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் தாழ்ந்த இடத்திலேயே தங்கவேண்டும்.

ஆகவே நேயர்களே, பிள்ளை சாமான் கட்டும்போது அவன் பையை மட்டும் பார்த்தால் போதாது. எப்போது திரும்புகிறான் என்றும் கேளுங்கள். ஒருநாள் சம்பளம் போனால் போகட்டும். பிள்ளை சுகமாக வீடு வந்து சேரட்டும்.