காற்றுக்காகத் தாழ்ந்த கைப்பிடி

சேலத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆசையோடு வாங்கிய கான்டினென்டல் ஜிடி 650 மோட்டார் சைக்கிளில் தினந்தோறும் அலுவலகம் போய்வருவதில் தம்முடைய சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவதாகவும், ஹேண்டில்பாரை மாற்றிவிடலாமென்றால் வண்டியின் லட்சணமே கெட்டுவிடும் என்று நண்பர்கள் தடுப்பதாகவும் சொல்லி, என் அபிப்பிராயத்தைக் கேட்கிறார். லட்சணத்தைப் பற்றிய வழக்கில் நான் தலையிடுவதற்கில்லை. விரல்களின் கட்சியை எடுத்துப் பேசலாம்.

உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாக, பட்டாணியளவு எலும்பொன்று கைக்குத் தட்டுப்படும். அதை ஒட்டி ஒரு குறுகிய பாதை இருப்பதை 1861இல் கியோன் என்ற பிரெஞ்சு அறுவை வைத்தியர் விவரித்தார். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதன் வழியாகத்தான் போகிறது. மேலுடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கி வெகுநேரம் அவ்விடத்தை அழுத்துமானால், நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகும். சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு நெடுநாள் பழக்கமான உபத்திரவம் இது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மரத்தால் நசுங்குவது வேறொரு நரம்பு. எந்த விரல் முறையிடுகிறது என்பதைக்கொண்டே பாரம் எங்கே விழுகிறதென்று ஊகித்துவிடலாம்.

அந்தப் பாரத்தை அங்கே இறக்குவது கிளிப்-ஆன் என்று சொல்லப்படும் கைப்பிடி. ஒரே குழாயாக வளைந்து நிற்காமல், இடத்துக்கொன்றும் வலத்துக்கொன்றுமாகப் பிரிந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களையே நேராகக் கவ்விப் பிடித்திருப்பது அது. பந்தயக் களத்தில் பிறந்த இந்த அமைப்பை, 1938இல் திறக்கப்பட்ட லண்டன் ஏஸ் கஃபே போன்ற சாலையோரக் கடைகளில் கூடி, ஒருவரையொருவர் முந்திப் பறந்த 1950களின் இங்கிலாந்து வாலிபர்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய கஃபே ரேசர் மோகத்துக்கு இணங்கி 1960களில் ராயல் என்ஃபீல்டு செய்த கான்டினென்டல் ஜிடியின் பெயரைத்தான், இன்று நம் சென்னையின் தொழிற்சாலையிலிருந்து வரும் இந்த வண்டி தாங்கி நிற்கிறது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிரியமான விசித்திரம் ஒன்று இருக்கிறது. இந்தக் கைப்பிடி சரீரத்தை வதைக்க வந்ததன்று. சரீரத்தைத் தாங்குவதற்கு இன்னொருவர் வருவார் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. அந்த இன்னொருவர் காற்று. ஆடிப்பெருக்குச் சமயத்தில் எங்கள் ஊர் ஆற்றில் ஓட்டத்தை எதிர்த்து இடுப்பளவு நீரில் முன்சாய்ந்து நின்றிருக்கிறேன். தண்ணீரே மார்பில் கைகொடுத்து நிறுத்தும், ஓட்டம் தணிந்த இடத்துக்கு வந்தால் குப்புற விழவேண்டியதுதான். காற்றின் கணக்கும் அதுவே. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 40 கிலோமீட்டர் வேகத்தில் மார்பைத் தள்ளும் காற்று 120இல் ஒன்பது மடங்காகிவிடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தவனை அது பின்னுக்குப் பிடுங்கும்; முன்சாய்ந்தவனை மணிக்கட்டிலிருந்து தூக்கிப் பிடிக்கும். நெடுஞ்சாலையில் சுகமாயிருந்த வண்டி நாற்சந்தி நெரிசலில் நரகமாவதன் ரகசியம் இதுதான். வாகனம் மாறவில்லை, தாங்கவேண்டிய காற்று வரவில்லை, அதன் வேலையை விரல்கள் செய்கின்றன.

ஆகவே, எந்த வேகத்தில் அதிகம் போகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்ட பிறகுதான் கடைக்குப் போகவேண்டும். ஃபோர்க் குழாயைக் கவ்வும் இடத்திலிருந்து உயர்ந்தெழும் கிளிப்-ஆன்கள் கிடைக்கின்றன. இந்த வண்டியின் குழாய் 41 மில்லிமீட்டர், அந்த அளவே வேண்டும். இதே எஞ்சினோடு, இதே சட்டத்தில் பிறந்த சகோதரனான இன்டர்செப்டரின் அகன்ற ஹேண்டில்பாரைப் போடுகிறவர்களும் உண்டு. அதற்கு ஃபோர்க் குழாய்களை மேலே இணைக்கும் தகட்டையும் மாற்றவேண்டும். அளவு மீறி உயர்த்துவதும் ஆகாது. கால் வைக்கும் இடம் பின்னுக்கே இருக்க, முதுகை மட்டும் செங்குத்தாக்கினால், மணிக்கட்டின் வலி இடுப்புக்கு இடம் மாறும். பள்ளத்தின் அடியெல்லாம் முதுகுத்தண்டுக்கு நேராக ஏறும்.

கைப்பிடி உயர்ந்தால் அதற்குப் போகும் உறுப்புகளும் நீளவேண்டும் என்ற எளிய உண்மையைப் பல பட்டறைகள் மறந்துவிடுவதைக் காண மனம் பொறுக்கவில்லை. பழைய கிளட்ச் கேபிளை இழுத்து மாட்டிவிட்டு, 'ரெண்டு நாள்ல செட் ஆயிடும் சார்' என்று அனுப்பிவிடுகிறார்கள். கேபிள் செட் ஆவதில்லை. ஒரு நாள் அறுந்துபோகும். விறைத்து நிற்கும் பிரேக் ஹோஸோ இன்னும் அபாயம். ஸ்விட்ச் பெட்டியின் உள்ளே ஒரு சிறு முளை உண்டு. அது பொருந்துவதற்குப் புதுக் குழாயில் துளையிடவேண்டுமே தவிர, சோம்பல்பட்டு முளையைச் சீவிவிடக்கூடாது. சீவினால் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது பெட்டியே சேர்ந்து சுழலும். கைப்பிடியின் நுனியில் இருக்கும் கனத்த குண்டுகளும் அலங்காரமல்ல. எஞ்சினின் அதிர்வு விரலுக்கு வராமல் அடக்குபவை. விரல் மரக்கிறதென்று கைப்பிடியை மாற்றிவிட்டு அந்தக் குண்டுகளைக் குப்பையில் எறிபவரை என்னென்று சொல்வது?

வண்டியின் சோபை என்பது ஓட்டுகிறவனுடைய உடம்பையும் சேர்த்துத்தான் என்பது என் சித்தாந்தம். படத்தில் பார்த்த அழகுக்காக வலியைச் சுமந்து திரிவதை வீரம் என்று நம் இளைஞர்கள் எண்ணுவது விபரீதம். மரத்த விரல் பிரேக்கைத் தேடும் அரை நொடியில் வண்டி பல அடி தூரம் போய்விடும். சேலத்து நண்பர் தாராளமாக மாற்றிக்கொள்ளட்டும். வேலை முடிந்ததும், பட்டறையை விட்டுக் கிளம்பும் முன், எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் மெதுவாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். எங்கேயாவது கேபிள் இறுகினாலும், கட்டைவிரல் டேங்கில் இடித்தாலும், எஞ்சினின் சத்தம் தானாக உயர்ந்தாலும், பணத்தைக் கொடுக்காமல் வண்டியை மறுபடி உள்ளே தள்ளச் சொல்லுங்கள்.