பனிப்பலகையும் சிற்றுழவு இயந்திரமும்

பனி என்னுஞ் சொல்லைக் கேட்டதும் மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே நம்மவர் மனக்கண்ணில் தோன்றும். வெயில் ஏற அது தானே மறையும். அதனை அகற்றக் கருவி தேடியவர் நம்மிடையே எவருமில்லர். கனடாவின் தென்பகுதியிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியிலும் வாழ்வோர்க்கோ பனி நிறையுடைய பொருள், வாயிலை அடைப்பது, வாரக் கணக்கிற் கிடப்பது. 2022 நவம்பரில், ஈரி ஏரியின் கீழ்க்கோடிக்கு அண்மையிலுள்ள ஒச்சாட் பாக் என்னும் ஊரிற் சில நாள்களுக்குள் ஏறக்குறைய 80 அங்குலப் பனி வீழ்ந்தது. ஏரிநீரின் வெப்பம் முற்றாகத் தணியுமுன் அதன்மீது கடுங்குளிர்க் காற்று வீசுமாயின், அக்காற்று நீராவியை ஏந்திச் சென்று கரையிற் பனியாகச் சொரியும்.

வீதியிலிருந்து வீட்டு முகப்பு வரையுள்ள வண்டிப்பாதை 15 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் உடையதெனக் கொள்வோம். அதன்மேல் 20 சதமமீற்றர் உயரத்துக்குப் பனி வீழ்ந்தால், வாரவேண்டியது 9 கனமீற்றர். புதுப்பனியின் ஒரு கனமீற்றர் 100 கிலோகிராமளவு நிறுப்பின், மொத்தம் 900 கிலோகிராம். நீர் ஊறிய பனியாயின் இது மும்மடங்காகவுங் கூடும். குளிரிற் குருதிக்குழாய்கள் சுருங்கியிருக்கும் வேளையில் இவ்வளவையும் சவளால் வாரி எறிய முற்பட்டு மாரடைப்பால் இறப்போர் அந்நாடுகளில் ஆண்டுதோறும் உளர். 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஆங்கு நிலைகொண்ட எம்மவர் இல்லங்களிலும் இவ்வேலை தவிர்க்க முடியாததாகலின், இதனை அறிதல் நமக்குப் புறம்பானதன்று.

பெரிய வளவுடையோர் இதற்குக் கையாள்வது தோட்டச் சிற்றுழவு இயந்திரம். கோடையிற் புல் வெட்டவும் இழுவைப் பெட்டி இழுக்கவும் பயன்படும் அதே வண்டியின் முன்புறத்தில், மாரியில் வளைந்த இரும்புப் பலகை ஒன்றைப் பூட்டுவர். ஆங்கிலேயர் இதனைக் கலப்பை என்றே அழைப்பினும், இது நிலத்தைக் கீறுவதில்லை; பனியைத் தள்ளி ஒதுக்குவதே இதன் தொழில். ஆதலின் பனிப்பலகை என்பதே பொருத்தமான பெயர் என்பது எமது கருத்து.

இவ்வியந்திரத்தை வாங்குவோர் முதலில் வினவுவது அதன் பரிவலுவையே. உண்மையிற் பனி தள்ளும் வேலையைத் தீர்மானிப்பது பரிவலுவன்று. சில்லுகள் நிலத்தைப் பற்றும் பிடியே. 20 பரிவலு ஏறக்குறைய 15 கிலோவாற்று ஆகும். அதிற் பாதி உராய்வில் வீணாயிற்றென்றாலும், விநாடிக்கு ஒரு மீற்றராகிய நடை வேகத்தில் ஏறக்குறைய 750 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையை எஞ்சின் தரவல்லது. ஆனால் பின்சில்லுகளின்மேல் 220 கிலோகிராம் நிறை தங்கியிருக்க, மிதிபட்டு இறுகிய பனியில் உராய்வுக் குணகம் 0.2 ஆயின், சில்லுகள் வழுக்காமல் தரக்கூடிய விசை 44 கிலோகிராம் மட்டுமே. எஞ்சியதெல்லாம் சில்லு சுழல்வதிற் கழியும். புல் வெட்டுதற்கென்றே செய்த இலேசான வண்டியிற் பெரிய எஞ்சின் இருந்தும் அது பனியில் நின்ற இடத்திலேயே உழல்வதன் காரணம் இதுவே. இயந்திரத்தை மாரிக்கு ஆயத்தஞ் செய்வதென்பது பெரும்பாலும் இப்பிடியைக் கூட்டுவதேயாம்.

பிடியைக் கூட்டுதற்கு வழிகள் இரண்டு. ஒன்று நிறை ஏற்றல். மற்றொன்று சங்கிலி பூட்டல். நிறையைச் சில்லின் நடுவிற் பூட்டும் இரும்பு வட்டாகவோ, ரயரினுள் நிரப்பும் திரவமாகவோ, வண்டியின் பின்புறத்தில் தொங்கவிடும் பெட்டியாகவோ சேர்க்கலாம். பின்புறப் பெட்டியில் நெம்புகோலின் நயம் ஒன்றுண்டு. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 120 சதமமீற்றராக, பின்னச்சுக்கு அப்பால் 60 சதமமீற்றர் தூரத்தில் 50 கிலோகிராம் தொங்கினால், பின்சில்லுகளின்மேற் கூடும் நிறை 75 கிலோகிராமாகும். மேலதிகமான 25 கிலோகிராம் முன்சில்லுகளிலிருந்து கழிந்தது. முன்சில்லு இலேசானால் வண்டி திருப்பிய பக்கம் திரும்பாது. ஆகவே ஒரு பகுதியைச் சில்லுகளிலும் ஒரு பகுதியைப் பின்புறத்திலும் வைப்பதே நன்று. சில்லிலுள்ள நிறை நேரே நிலத்திற் பொறுப்பதால் அச்சுக்கும் பாரமில்லை. ரயருக்கு வெறும் நீர் உதவாது, அது உறைந்துவிடும். முன்னாளிற் கல்சியங் குளோரைட்டுக் கரைசலை நிரப்பினர். அது கசிந்தால் இரும்பு வளையத்தைத் துருவாக்கித் தின்னும். இக்காலத்திற் சிவப்புக்கிழங்கினத்துச் சாற்றிலிருந்து செய்யப்படும், உறையாததும் அரிக்காததுமான திரவம் ஒன்றும் விற்பனைக்குண்டு.

சங்கிலியோ நிறையினும் விரைந்து பயன்தருவது. பனிக்கட்டியின்மேல் அதற்கு நிகரில்லை. பூட்டிச் சில மீற்றர் ஓடியபின் இறங்கி மீண்டும் இறுக்கல் வேண்டும். தளர்ந்த சங்கிலி சில்லுக்கு மேலுள்ள தகட்டை அடித்து நொறுக்கும்.

இனிப் பலகையின் அளவு. பனி ஒருபுறம் வழிந்து விழும்படி பலகையை ஏறக்குறைய 30 பாகை சாய்த்துத் தள்ளுவதே வழக்கம். சாய்த்தபோது அது துடைக்கும் அகலம் குறையும்: 48 அங்குலப் பலகை 41½ அங்குலமும், 42 அங்குலப் பலகை 36½ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவும் துடைக்கும். பின்சில்லுகளின் வெளியகலம் 40 அங்குலமாயின், சிறிய பலகையைப் பூட்டியவர் தாம் தள்ளாத பனியின்மேல் ஒரு சில்லை ஏற்றி ஓட்டுவர். பிடி அங்கேயே போய்விடும். சாய்க்காது நேராகத் தள்ளுவதும் அளவோடே இயலும். 10 சதமமீற்றர்ப் புதுப்பனியில் 10 மீற்றர் சென்றால், 48 அங்குலப் பலகையின் முன் ஏறக்குறைய 120 கிலோகிராம் குவிந்து நிற்கும்.

பலகையின் பின்னுள்ள சுருள்வில்கள் அலங்காரத்துக்கானவையல்ல. மறைந்திருக்கும் கல்லிலோ கொங்கிறீற்று விளிம்பிலோ பலகை மோதும்போது, வில் நீண்டு பலகை முன்னோக்கி மடிந்து தடையைத் தாண்டும். வில்லை மிக இறுக்கினால் மோதலின் அதிர்ச்சி முழுவதும் வண்டிச் சட்டத்துக்கும், ஓட்டுபவரின் மார்புக்கும் போகும். மிகத் தளர்த்தினால் ஈரப்பனிக்கே பலகை வணங்கிவிடும். தளர்வாகத் தொடங்கி, பனியின் பாரத்துக்கு மடியாத அளவு வரை இருபுறமும் சமமாகச் சிறிது சிறிதாக இறுக்கிச் செல்க.

பலகையின் அடியில் தேய்வதற்கென்றே ஒரு பட்டை ஆணிகொண்டு பூட்டப்பட்டிருக்கும். அது ஒருபுறம் தேய்ந்ததும் பலவற்றிற் புரட்டிப் பூட்டலாம். பலகையையே தேயவிட்ட பின்னர் மாற்றுவோர் பட்டையின் விலையை மீதப்படுத்திப் பலகையின் விலையை இழப்பர். இருபுற ரயர்களிலும் காற்று சமமாயில்லாவிடிற் பலகை சரிந்து நின்று ஒரு மூலை மட்டுமே தேயும். சரளைப் பாதையாயின் பலகையின் இருமுனையிலும் உள்ள சறுக்குக் கால்களை இறக்கி, அதனை நிலத்துக்குச் சற்று மேலே நிறுத்தல் வேண்டும்; அன்றேற் பனியோடு சரளையும் புற்றரைக்குப் போய், அடுத்த கோடையில் அதனை வாரிக் கொணர்வதே வேலையாகும். பலகையின் முகம் துருப்பிடித்துச் சொரசொரப்பானாற் பனி ஒட்டிப் பாரமாகும். அதனைத் தேய்த்து வர்ணம் பூசி மெழுகிடுவர்.

குளிருக்கென எஞ்சினுக்கும் சில தேவைகளுள. கோடைக்குரிய தடித்த எண்ணெய் குளிரில் இறுகித் தொடக்கத்தைக் கடினமாக்குவதால், மெல்லிய மாரி எண்ணெய்க்கு மாற்றுவர். பற்றறி −18 பாகை செல்சியசில் ஏறக்குறைய அரைப்பங்கு ஆற்றலையே தரும். மின்னிறக்கமுற்ற பற்றறி உறைந்து வெடித்தலுங் கூடும். எத்துணைக் குளிராயினும் கதவடைத்த கொட்டகையினுள் எஞ்சினை ஓடவிடலாகாது; கரிமவோரொட்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை.

பனி முழுவதும் பெய்து ஓயும்வரை காத்திருத்தல் இவ்வியந்திரத்துக்கு ஆகாது. 10 சதமமீற்றர் சேர்ந்ததும் ஒருமுறை தள்ளினால் மேற்கூறிய 44 கிலோகிராம் விசை போதியதாகும். முதற் பனியை, வேண்டிய இடத்துக்கும் அப்பால் வெகுதூரம் ஒதுக்குக. ஒதுக்கிய குவியல் உறைந்து சுவராகிவிடும். பின்னர் வரும் பனிக்கு இடம்விடாது பாதை மாதந்தோறும் ஒடுங்கும். நிலம் இறுகுமுன் பாதையின் இருமருங்கும் கோல் நடுவது, மூடிய பின் விளிம்பு தெரிவதற்காக. நகரசபையின் பெருவண்டி வீதியைத் துடைத்துச் செல்கையில் வாயிலிற் குவித்துவிடும் பனி உப்பும் நீரும் கலந்து இறுகியது. அதனைப் பலகையின் பாதியகலத்தாற் சிறிது சிறிதாகக் கடித்தெடுத்தல் வேண்டும். அதனை வீதிக்கே திருப்பித் தள்ளும் ஆசை எவர்க்கும் எழக்கூடும். ஒன்ராறியோ மாகாணத்தில் எழுத்துமூல அனுமதியின்றி வீதியிற் பனியை இடுதல் நெடுஞ்சாலைச் சட்டப்படி குற்றமாகும்.

இளவேனிலிற் பலகையைக் கழற்றும்போது உப்பைக் கழுவி, மூட்டுகளுக்குக் கொழுப்பிட்டு, சுருள்வில்களைத் தளர்த்தி, சங்கிலியை எண்ணெயில் துடைத்து வைப்பர். தேய்பட்டை மாற்ற வேண்டியதாயின் அப்போதே வாங்கிவிடுவது நன்று; முதற் பனி வீழ்ந்த நாளிற் கடையில் அது கிடைப்பது அரிது.